வீட்ல கட்டின ப்ளேன், முதல் ஃப்ளைட் நானே ஓட்டலாமா, வேற ஆளா?

கராஜ்_கொல்லன் (டெக்சாஸ்):

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு போறவன், இப்பதான் வாயத் தொறக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2018ல ஆர்வி-9ஏ கிட் வாங்கி ஆரம்பிச்சேன். ரெண்டு பேர் பக்கத்து பக்கத்துல உக்கார்ற அலுமினிய ப்ளேன், மூக்குச் சக்கரம் வச்சது. எங்க வீட்ல ரெண்டு கார் நிக்கிற கராஜ், அன்னிலேருந்து ஒரு கார் கூட உள்ள நின்னதில்ல, ரெண்டும் வெளிய நின்னு ஆலங்கட்டி மழைல அடி வாங்கி அம்மி கொத்தி வச்ச மாதிரி ஆயிடுச்சு. பொண்ணு அப்ப கேஜி, இப்ப மிடில் ஸ்கூல். ரிவெட் துப்பாக்கி என் கைல, இறக்கைக்கு உள்ள கைய விட்டு பக்கிங் பார் (ரிவெட்டுக்கு பின்னாடி முட்டுக் குடுக்குற இரும்புக் கட்டை) புடிச்சது என் வீட்டுக்காரி. பாதிக்கு மேல நாமளே கட்டியிருக்கணும்னு எஃப்ஏஏ (அமெரிக்க விமான ஆணையம்) ரூல் இருக்குல்ல, 51 சதவீதம்னு எல்லாரும் சொல்றது, அத இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்கிட்ட நான் பெருமையா விளக்கிட்டு இருக்கேன், பின்னாடிலேருந்து "அந்த 51ல 30 என்னுது"ன்னு ஒரு குரல். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

இன்ஸ்பெக்ஷன் போன வாரம் முடிஞ்சுது. எலிவேட்டர் (மூக்க மேல கீழ ஆக்குற வால் மடல்) ராடு பக்கத்துல ஒரு லாக் நட்ட டைட் பண்ணிட்டு அடையாளப் பெயின்ட் வைக்க மறந்திருக்கேன், அத புடிச்சார், வேற பெருசா ஒண்ணும் இல்ல. பறக்கத் தகுதின்னு குடுக்குற அந்த ரோஸ் கலர் பேப்பர் கைக்கு வந்தாச்சு. ப்ளேன் இப்ப ஹேங்கர்ல நிக்குது, ரன்வே 4,000 அடி. இஞ்சின் லைகமிங் ஓ-320, 160 குதிரை, மெட்டல் ப்ரொப்பெல்லர். ரெண்டும் சர்டிஃபை ஆன ஜோடிங்கறதால டெஸ்ட் ஃப்ளைட் 25 மணி நேரம், இல்லன்னா 40.

இப்ப விஷயத்துக்கு வரேன். என்கிட்ட மொத்தம் 230 மணி நேரம் இருக்கு, கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா கடைசி ரெண்டு வருஷத்துல பறந்தது வெறும் 9. காசு, சனி, ஞாயிறு எல்லாத்தையும் கராஜ் தின்னுடுச்சு. நம்ம ஏர்போர்ட்லயே ஒரு பெரியவர் இருக்கார், ஆர்வி மட்டுமே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஓட்டினவர், "வேணும்னா முதல் ரவுண்டு நான் போய்ட்டு வரேன்"ன்னார். மனசு ஒத்துக்க மாட்டேங்குது. ஏழு வருஷம் கட்டினது நான், முதல்ல மேல போறது வேற ஆளா? அதே நேரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா இஞ்சின் நின்னு போற மாதிரியே ஓடுது. வீட்டுக்காரி ஒரே வரில முடிச்சிட்டா: "யார் வேணா ஓட்டுங்க, தெரிஞ்சவங்க ஓட்டுங்க."

அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமைன்னு நாள் குறிச்சு ஃப்ரெண்ட்ஸ்க்கு எல்லாம் வாட்ஸாப்ல போட்டாச்சு. ஏற்கெனவே இந்த வழில போனவங்க சொல்லுங்க, என்ன பண்ணலாம்?

---

லாங்ஃபைனல் (ஒஹாயோ):

வாழ்த்துகள் தம்பி, முதல்ல அந்த வாட்ஸாப் மெசேஜ அழி. சீரியஸா சொல்றேன். முதல் ஃப்ளைட்டுக்கு நாள் குறிக்கிறதே தப்பு, கல்யாணமா என்ன. இருபது பேரு மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டு இருந்தா காத்து சரியில்லன்னு உனக்கு தெரிஞ்சாலும் கால் ரன்வே பக்கம் தான் போகும்.

நான் ஆர்வி-7, 2016ல பறக்க விட்டேன், நானே தான் ஓட்டினேன். ஆனா அதுக்கு முன்னாடி மூணு மாசம் கட்டுற வேலைய நிறுத்திட்டு வாடகை செஸ்னாவுல வாரம் ரெண்டு தடவ போய் 25 மணி நேரம் சேத்தேன், அப்புறம் ஆர்வில ட்ரான்சிஷன் ட்ரெயினிங், அதாவது அந்த ரக ப்ளேனுக்கு மாறுற பயிற்சி, எடுத்தேன். உன் 230 ஒரு கணக்கே இல்ல, அந்த 9 தான் கணக்கு. கட்டுறவன் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, கட்டக் கட்ட கை துருப்பிடிக்கும், ப்ளேன் ரெடியாகுற அன்னிக்கு பைலட் ரெடியா இருக்க மாட்டான்.

இன்னொண்ணு. ஓட்டிப் பாக்கறேன்னு ரன்வேல வேகமா ஓடி ஓடி பிரேக் போடுற வேலை வச்சுக்காத. அதுல மூணு வில்லங்கம் இருக்கு. புது இஞ்சின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவத்துல உக்காரணும், அதுக்கு நல்ல பவர் குடுத்து நல்லா காத்து வாங்கிட்டு ஓடணும், தரைல நின்னு உறுமிட்டே இருந்தா சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயி ரிங் எப்பவுமே சரியா உக்காராது, ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். ரெண்டாவது பிரேக் சூடு. மூணாவது தான் பெருசு, இந்த ப்ளேன் எல்லாம் ரொம்ப லேசு, பறக்கணும்னு நீ நினைக்காமலே சக்கரம் தரைய விட்டுடும், அப்ப மிச்ச ரன்வே எவ்வளவு, இறக்குறதா மேல போறதான்னு யோசிக்க ஒரு செகண்ட் தான் இருக்கும். நிறைய பேரோட முதல் ஃப்ளைட் இப்படி தெரியாத்தனமா நடந்த முதல் ஃப்ளைட் தான். மெதுவா டாக்சி பண்ணி பிரேக், ஸ்டியரிங் பாத்தா போதும். அடுத்த தடவ த்ராட்டில முழுசா தள்ளினா அது பறக்கத்தான்.

கடைசியா ஒண்ணு, இத என் இன்ஸ்ட்ரக்டர் சொன்னது. நீ த்ராட்டில தள்றதுக்கு முன்னாடி அந்த ப்ளேன மனசுக்குள்ள இன்சூரன்ஸ்காரனுக்கு வித்துடணும். 300 அடில இஞ்சின் நின்னா கட்டினவனுக்கு முதல்ல தோணுறது "ஐயோ என் ப்ளேன்". உடனே ரன்வேக்கே திருப்பப் பாப்பான், திருப்பத்துல வேகம் குறைஞ்சு ஸ்டாலாகி, அதாவது இறக்கை தூக்குற சக்திய இழந்து, சுத்திக்கிட்டு விழுவான். பைலட்டுக்கு தோணவேண்டியது "எதிர்ல இருக்குற சோளக்காடு". ப்ளேன் நொறுங்கினா நொறுங்கட்டும், நீ எழுந்து நடந்து வரணும். இத உன்னால செய்ய முடியும்னா நீ ஓட்டு. நேர்மையா யோசிச்சு பாத்து முடியாதுன்னு தோணிச்சுன்னா பெரியவர்கிட்ட சாவிய குடு, அதுல ஒரு அசிங்கமும் இல்ல.

---

பொருநைக்காரன் (நியூ ஜெர்சி):

என்ன வே எல்லாரும் சேந்து பயமுறுத்துதீய. ஏழு வருசம் கூட்டுல இருந்து வளத்த குஞ்ச அடுத்தவன் கைல குடுத்து பறக்க விடச் சொல்லுதீய. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர்ல கிட்டி ஹாக்ல என்ன செஞ்சாவ? வாடகைக்கு ஆளா கூப்ட்டாவ? காசு சுண்டிப் போட்டாவ வே, யாரு முதல்லன்னு. உலகத்துலயே முதல் ஹோம்பில்ட் அதுதானே, சைக்கிள் கடைல வச்சு செஞ்சது. 12 செகண்ட், 120 அடி, முடிஞ்சுது ஜோலி. நீரு கட்டினது, நீரே ஓட்டும்.

---

லாங்ஃபைனல் (ஒஹாயோ):

அண்ணாச்சி, அந்தக் கதைய முழுசா சொல்லணும். காசு சுண்டினது டிசம்பர் 14, ஜெயிச்சது வில்பர், ஏறினதும் மூக்க ரொம்ப தூக்கி ஸ்டாலாகி மணல்ல குத்திட்டார். ரிப்பேருக்கு ரெண்டு நாளு. 17ஆம் தேதி ஆர்வில் முறை வந்ததாலதான் 12 செகண்ட் அவர் பேர்ல இருக்கு. அதுவும் அவங்க சும்மா ஏறல, அதுக்கு முந்தின வருஷம் அதே மணல்மேட்டுல க்ளைடர்ல நூத்துக்கணக்கான தடவ சறுக்கிப் பழகினவங்க. இஞ்சின் கூட அவங்க செய்யல, சார்லி டெய்லர்னு அவங்க கடை மெக்கானிக் செஞ்சு குடுத்தது. கட்டினதுக்கு ஆள் வச்சாங்க, ஓட்டுறதுக்கு தாங்களே பழகினாங்க. நம்மாளு நேர் தலைகீழ் 😀

---

பொருநைக்காரன் (நியூ ஜெர்சி):

சரி வே சரி, ஒத்துக்கிடுதேன். பழகிட்டு ஓட்டட்டும். ஆனா ஓட்டணும்.

---

பனிக்காட்டுப்பறவை (ஒன்டாரியோ, கனடா):

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. என்ர பிளேனும் வீட்டில கட்டினதுதான், கராஜில இல்லை, நிலக்கீழ் அறையில, வெளியில எடுக்கேக்க கதவு நிலையை உடைச்சு எடுத்த கதை தனிக்கதை. இஞ்ச எங்களுக்கு எம்டி-ஆர்ஏ எண்ட அமைப்பு வந்து பாக்கும், இறக்கை, உடம்பெல்லாம் தகடு போட்டு மூடிறதுக்கு முதல் ஒருக்கா, கடைசியில ஒருக்கா. உங்கட நாட்டில மூடிறதுக்கு முதல் ஒருத்தரும் கட்டாயமா வாறேல்லை எண்டு நினைக்கிறன், ஈஏஏ (வீட்டில பிளேன் கட்டிற ஆக்களின்ர சங்கம்) டெக்னிக்கல் கவுன்சிலர் ஆரையும் கூப்பிட்டுக் காட்டினனீங்களோ? அதோட அவையிட்ட ஃப்ளைட் அட்வைசர் எண்டும் ஆக்கள் இருக்கினம், காசு கேக்காயினம், உங்கட கேள்விக்கு உங்களோட இருந்து கதைச்சு ஒரு முடிவு சொல்லுவினம்.

நான் ஓட்டேல்லை. எனக்குப் பயிற்றுவித்தவர்தான் முதல் தரம் ஓட்டினவர். நான் கீழ நிண்டனான், கையில ரேடியோவும் ஃபயர் எக்ஸ்டிங்விஷரும். அந்த 25 நிமிசம் மாதிரி ஒரு நேரம் என்ர வாழ்க்கையில வேற இல்லை, பிள்ளை பிறக்கேக்க கூட இப்பிடி நிக்கேல்லை.

என்ன நடந்தது எண்டா, பெயின்ட் அடிக்கேக்க ஸ்டாட்டிக் ஓட்டைக்கு (உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காத்தின்ர அழுத்தம் போற ஓட்டை) மேல டேப் ஒட்டினனான். பிளேனின்ர நிறமும் வெள்ளை, டேப்பும் வெள்ளை. ஒரு பக்கம் கழட்டினனான், மற்றப் பக்கத்தில கழட்டினதா நினைச்சுக்கொண்டு இருந்திட்டன், பிறகு பாத்தா முதல் பக்கத்திலயும் ஓட்டைக்குள்ள பெயின்ட் போய் அடைச்சிருக்கு. அவர் ஏறத் தொடங்க உயரமானி அசையேல்லை, வேகம் குறைஞ்சு குறைஞ்சு காட்டுது, உண்மையில வேகம் குறையேல்லை. அனுபவம் இல்லாத ஆள் எண்டா பயந்து மூக்கைக் கீழ குத்தியிருப்பான். அவர் காட்டிற முள்ளைப் பாக்காமல் இஞ்சின் சத்தத்தையும் மூக்கு நிக்கிற நிலையையும் பாத்து ஒரு வட்டம் அடிச்சு வந்திட்டார், கீழ வர வர முள்ளும் சரியாக் காட்டத் தொடங்கினது. இறங்கி வந்து அந்த டேப்பை உரிச்சு என்ர கையில ஒட்டிவிட்டார், ஒரு வார்த்தை பேசேல்லை.

அண்டைக்கு நான் ஏறியிருந்தா எனக்கு அது வடிவா விளங்கியிருக்குமோ எண்டு இப்பவும் யோசிக்கிறன். ரெண்டாவது தரத்தில இருந்து நான்தான் ஓட்டினனான், எனக்கு அதில ஒரு குறையும் இல்லை. முதல் தரம் ஆர் ஓட்டினது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, ஆர் கட்டினது எண்டுதான் கேக்கினம்.

---

ஸ்பேனர்_சித்தர் (அட்லாண்டா):

ஏர்லைன் மெக்கானிக், 19 வருஷம். யார் ஓட்டணும்னு நான் சொல்ல வரல, அது உங்க வீட்டு பஞ்சாயத்து. ஆனா ப்ளேன் ரெடின்னு சொல்றீங்களே, அத கொஞ்சம் கிளறலாமா.

நான் பாத்த ஹோம்பில்ட் வில்லங்கத்துல பாதி இறக்கைலயோ ரிவெட்லயோ இல்ல, அதெல்லாம் எல்லாரும் பயந்து பயந்து நல்லாவே கட்டிடறாங்க. வில்லங்கம் எல்லாம் ஃபயர்வாலுக்கு (இஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவுல இருக்குற தடுப்பு) முன்னாடி, பெட்ரோல் போற வழில. என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை வாரியம்) 2012ல ஹோம்பில்ட் பத்தி ஒரு பெரிய ஆய்வு போட்டாங்க, அதுலயும் இதேதான், இஞ்சின் சம்பந்தப்பட்ட கோளாறும் கட்டுப்பாடு இழக்கறதும் தான் முன்னாடி நிக்குது. அதனால டேங்க்குக்கு அந்த கருப்பு சீலன்ட் பூசினீங்கள்ல, அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே அது, அதுல காய்ஞ்ச துணுக்கு ஒண்ணு உள்ள உருண்டுட்டு இருந்தாலும் ஒரு நாள் வாய அடைக்கும், டேங்க்ல பெட்ரோல் ஊத்தி இறக்கைய ஆட்டி வடிச்சு வடிகட்டிய பாருங்க, ட்ரில் போட்ட அலுமினிய சீவல் வருதா பாருங்க, வந்துட்டே இருந்தா வராம நிக்கிற வரைக்கும் திரும்ப திரும்ப பண்ணுங்க. அப்புறம் ஃப்யூயல் ஃப்ளோ டெஸ்ட், ப்ளேன தரைல சமமா நிக்க வச்சு பண்ணினா போதாது, மூக்குச் சக்கரத்துக்கு அடில மேடை போட்டு ஏறும்போது இருக்குற சாய்வுல தூக்கி வச்சு, கார்புரேட்டர்கிட்ட குழாய கழட்டி கேன்ல விட்டு, பம்ப் போட்டு கடிகாரத்த வச்சு அளங்க. முழு பவர்ல இஞ்சின் குடிக்கிறத விட 25 சதவீதம் கூடுதலா வரணும். ரெண்டு டேங்க்கும் தனித்தனியா. டேங்க்குக்குள்ள காத்து போற வென்ட் குழாய்ல குளவி கூடு கட்டியிருக்கான்னு பாருங்க, டெக்சாஸ்ல அது சாதாரணம்.

கன்ட்ரோல் சரியான பக்கம் போகுதான்னு பாக்குறது சிரிப்பா இருக்கும், ஆனா தலைகீழா மாட்டி செத்தவங்க உண்டு. ஸ்டிக்க புடிச்சு கட்டைவிரல மேல தூக்கி வச்சுக்கோங்க, ஸ்டிக்க எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கத்து அலெரான் (இறக்கை பின்விளிம்பு மடல்) மேல போகணும். எலெக்ட்ரிக் ட்ரிம்மயும் (ஸ்டிக்குல கை பாரத்த குறைக்கிறது) விடாதீங்க, ரெண்டு ஒயர் மாறினா போதும் அது எதிர்ப்பக்கம் ஓடும்.

இதெல்லாம் முடிச்சிட்டு நீங்க பாக்காதீங்க. வேற ஒருத்தர கூப்பிட்டு பாக்க விடுங்க, கட்டினவன் கண்ணுக்கு தப்பு தெரியாது, தான் எழுதின லெட்டர்ல எழுத்துப்பிழை தெரியாத மாதிரி.

---

வானம்பாடி77 (சான் ஹோசே):

சித்தர் சொன்ன ஆய்வுல இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. 2011ல விபத்துல மாட்டின ஹோம்பில்ட்ல பாதிக்கு மேல கட்டினவங்க ஓட்டினது இல்ல, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க ஓட்டினது. அதாவது "நான் கட்டல, ஆனா பைலட்"னு சொல்றவங்களுக்கும் ஆபத்து இருக்கு, அந்த குறிப்பிட்ட ப்ளேன் அவங்களுக்கு புதுசுங்கறதால.

நம்ம பக்கத்து மான்டரே வளைகுடால 1997 அக்டோபர் 12ல ஜான் டென்வர் போனது இப்படித்தான். பாட்டுக்காரர் ஜான் டென்வரே தான். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டின பைலட், லாங்-ஈஸி ப்ளேன் அப்பதான் வாங்கியிருந்தார், கட்டினது வேற ஒருத்தர். டிசைன்ல கால் பக்கம் இருக்கவேண்டிய ஃப்யூயல் செலக்டர் கைப்பிடிய கட்டினவர் பைலட்டோட இடது தோளுக்கு பின்னாடி வச்சிருந்தார். டேங்க் மாத்தணும்னா உடம்ப திருப்பி வலது கைய பின்னாடி கொண்டு போகணும், திரும்புறப்ப வலது கால் ரடர் பெடல (மூக்க இடம் வலமா திருப்புறது) மிதிச்சுடும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டெக்னீஷியனோட சேந்து அந்த கைப்பிடிய எப்படி எட்டுறதுன்னு பேசியிருக்கார், அப்புறமும் பெட்ரோல் ரொப்பாமலே கிளம்பிட்டார்.

நான் எதுக்கு சொல்றேன்னா, உங்க ஊர் பெரியவர் ஓட்டினாலும் சரி நீங்க ஓட்டினாலும் சரி, ஓட்டுறவர் முன்னாடியே உங்க காக்பிட்ல ஒரு மணி நேரமாவது உக்காந்து கண்ண கட்டிக்கிட்டு ஒவ்வொரு சுவிட்சா தொடணும். செலக்டர், பம்ப், பெட்ரோல்-காத்து கலவை லீவர், கேனப்பி (மேல் கண்ணாடி மூடி) லாக். ஆயிரம் மணி நேரம் ஆர்வி ஓட்டினவருக்கு உங்க ஆர்வி தெரியாது, ரெண்டு ஆர்வி ஒரே மாதிரி இருக்கவே இருக்காது.

அப்புறம், யாருமே சொல்லலயே, 2014லேருந்து எஃப்ஏஏல அடிஷனல் பைலட் ப்ரோக்ராம்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி எல்லாம் டெஸ்ட் ஃப்ளைட்னா தனியாத்தான் போகணும். இப்ப அனுபவம் தகுதி எல்லாம் இருக்குற ஒருத்தர பக்கத்து சீட்ல கூட்டிட்டு போகலாம், ஏசி 90-116ங்கற எஃப்ஏஏ சுற்றறிக்கைல என்ன கணக்குன்னு இருக்கு. நீங்களா அவரான்னு கேக்குறீங்க, ரெண்டு பேருமே போலாமே!

---

கோவைக்குருவி (கோயமுத்தூர்):

ஏனுங்க, நடுவுல பூந்து கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நான் மெக்கானிக்கல் மூணாவது வருசமுங்க. நம்மூர்ல இப்பிடி வீட்டுல கட்டி பறக்க முடியுங்களா? எங்க லேத் பட்டறைல எல்லா மிஷினும் கெடக்குதுங்க, அலுமினியமும் கெடைக்குது, பர்மிசன் தான் கெடைக்குமான்னு தெரீல.

---

வானம்பாடி77 (சான் ஹோசே):

முடியும், ஆனா பொறுமை வேணும் தம்பி. மும்பைல அமோல் யாதவ்னு ஒரு ஏர்லைன் பைலட், காந்திவிலில அடுக்குமாடி மொட்டை மாடில ஆறு சீட் ப்ளேன் கட்டினார், மிஷின் எல்லாத்தையும் மாடிப்படி வழியா தூக்கிட்டு போய். 2016 மேக் இன் இந்தியா கண்காட்சில வச்சப்ப தான் நாடே பாத்துச்சு. டிஜிசிஏ (இந்திய விமானத் துறை ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் 2017 நவம்பர்ல வந்துச்சு, பறக்க பர்மிட் 2019 அக்டோபர்ல. கட்டினத விட பேப்பருக்கு அலைஞ்ச கதை தான் பெருசு.

ஆலப்புழைக்காரர் ஒருத்தர், அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்துல கோவிட் லாக்டவுன்ல ஸ்லிங் டிஎஸ்ஐ கிட் வாங்கி நாலு சீட் ப்ளேன் கட்டி 2022ல குடும்பத்தோட ஐரோப்பா சுத்தினார், சின்ன பொண்ணு தியா பேர்ல ஜி-தியான்னு வச்சார், கேள்விப்பட்டிருப்பே. அங்க எல்ஏஏன்னு ஒரு சங்கம் கூடவே இருந்து பாத்துக்கும், முதல் ஃப்ளைட் யார் ஓட்டலாம்னு கூட அவங்க ஒத்துக்கணும். இந்த மாதிரி கைய புடிச்சு கூட்டிட்டு போற அமைப்பு நம்மூர்ல வளரல, லேத்தும் அலுமினியமும் இருந்தும் சிக்கல் அங்கதான். முதல்ல ஒரு ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) ப்ளேன், அப்புறம் லைசென்ஸ், அந்த வரிசைல போ.

---

கோவைக்குருவி (கோயமுத்தூர்):

ரொம்ப நன்றிங்ண்ணா. ஆர்சி ஏற்கெனவே மூணு ஒடச்சாச்சுங்க 😅

---

கராஜ்_கொல்லன் (டெக்சாஸ்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஆறு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிக்கணும்.

லாங்ஃபைனல் அண்ணே, நீங்க சொன்னீங்க நான் கேக்கல. மெசேஜ அழிக்கல. ரெண்டாவது சனிக்கிழமை 23 பேர் வந்தாங்க, மாமி ஒருத்தங்க ஒரு தூக்கு நிறைய கேசரி கிண்டிட்டு வந்துட்டாங்க, என் பொண்ணு சார்ட் பேப்பர்ல போர்டு எழுதி புடிச்சிட்டு நிக்குது. காலைல எட்டு மணிக்கு காத்து பக்கவாட்டுல 14 நாட், அப்பப்ப 20க்கு தூக்குது. பத்து மணி வரைக்கும் காத்தாடி பையவே பாத்துட்டு நின்னோம். போலாமா வேணாமான்னு நான் இழுத்துட்டே இருக்கேன், உண்மைய சொன்னா போலாம்னு தான் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு இருந்தேன். பெரியவர் ஒண்ணும் பேசல, தூக்க தொறந்து கேசரி ஒரு கரண்டி எடுத்து வாய்ல போட்டுட்டு ஹேங்கர் கதவ மூட ஆரம்பிச்சிட்டார். அவ்வளவுதான். எல்லாரும் கேசரி சாப்ட்டுட்டு வீட்டுக்கு போனாங்க. அன்னிக்கு முழுக்க எனக்கு மூஞ்சி வெளிய காட்ட முடியல.

அதுக்கப்புறம் தான் புத்தி வந்துச்சு. லீவு போட்டு பெரியவரோட ஆர்வி-6ஏல அவரோட 6 மணி நேரம், வாடகை செஸ்னாவுல தனியா 11 மணி நேரம். முதல் தடவ அவரு ப்ளேன இறக்குறப்ப மூணு தடவ குதிச்சேன், அவர் "உன் ப்ளேன்ல குதிக்க வேண்டியத எல்லாம் இங்கயே குதிச்சிடு"ன்னார். சித்தர் சொன்ன மாதிரி மூக்க தூக்கி ஃப்ளோ டெஸ்ட் பண்ணினேன், வலது டேங்க் சரி, இடது டேங்க் அளவு வரல. நோண்டிப் பாத்தா வென்ட் குழாய் வளைவுல லேசா நசுங்கியிருக்கு, கௌலிங் (இஞ்சின் மூடி) மாட்டுறப்ப நானே முழங்கையால அமுக்கியிருக்கேன் போல. குளவி இல்ல, நான் தான் குளவி. தரைல சமமா வச்சு பண்ணினப்ப அது தெரியவே இல்ல, அத நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது.

போன புதன்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு போனோம். ஊருக்கு சொல்லல. வீட்டுக்காரி, பொண்ணு, ஹேங்கர் பக்கத்துல இன்னொரு ஃப்ரெண்டு ரேடியோவோட, அவ்வளவுதான். இடது சீட்ல நான், வலது சீட்ல பெரியவர், அடிஷனல் பைலட் பேப்பர் எல்லாம் சரி பண்ணிட்டு தான். 600 அடிக்கு கீழ இஞ்சின் நின்னா திரும்பறது கிடையாது, நேரா தெரியற மேய்ச்சல் காடுன்னு ரெண்டு பேரும் சத்தமா சொல்லிக்கிட்டோம். வித்துட்டேன் அண்ணே, இன்சூரன்ஸ்காரனுக்கு மனசார வித்துட்டு தான் த்ராட்டில தள்ளினேன்.

தரைய விட்ட நிமிஷம் பத்தி கவிதையா எழுதணும்னு ஆசை, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்குறது மூணாவது சிலிண்டர் சூடு தான், 390, 410, 425ன்னு ஏறிட்டே போகுது. லைகமிங் மேனுவல்ல உச்சவரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், ஆனா அவ்வளவு தூரம் யாரு விடுவா. "மூக்க இறக்கு, வேகத்த கூட்டு, காத்து போகட்டும்"னார், இறக்கினேன், 431ல நின்னு மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. ஏர்போர்ட்டுக்கு நேர் மேல 3,500 அடிக்கு போய் வட்டம் அடிச்சோம். ஸ்டிக்க விட்டா இடது இறக்கை கீழ சாயுது, அது எதிர்பாத்தது தான், அலெரான் பின்விளிம்ப அமுக்கி சரி பண்ற வேலை. மேலயே ஃபிளாப் போட்டு வேகத்த குறைச்சு எங்க ஆட்டம் ஆரம்பிக்குதுன்னு பாத்து வச்சுக்கிட்டோம், இறங்குற வேகத்துக்கு அந்த கணக்கு தான். நான் இறக்கினேன். ஒரு தடவ தான் குதிச்சேன், சின்னதா.

கீழ வந்து கௌலிங் கழட்டிப் பாத்தா ஒரு இடத்துல ஆயில் லேசா கசிஞ்சிருக்கு, ராக்கர் கவர் கேஸ்கட். மூணாவது சிலிண்டருக்கு காத்து போற தகடுக்கும் கௌலிங்குக்கும் நடுவுல ஒரு விரல் போற சந்து இருக்கு, அத அடைக்கணும். வீட்டுக்காரி இறக்கைய ஒரு சுத்து சுத்தி வந்து அவ பக்கிங் பார் புடிச்ச வரிசையெல்லாம் விரலால தடவிப் பாத்துட்டு "எல்லாம் அப்படியே இருக்கு"ன்னா.

மீட்டர்ல 0.6. இன்னும் 24.4 இருக்கு. சித்தர் அண்ணே, அந்த சந்த அடைக்க சிலிக்கான் ரப்பர் பட்டை எந்த தடிமன்ல வாங்கணும்?

---

ஸ்பேனர்_சித்தர் (அட்லாண்டா):

எட்டுல ஒரு பங்கு இஞ்ச், துணி வச்சு நெய்தது வாங்குங்க, வெறும் ரப்பர் மடங்கிடும். மாட்டுறப்ப காத்து அழுத்தம் பட்டையை கௌலிங்கோட சேத்து அமுக்குற மாதிரி வளைவு உள்பக்கம் பாக்கணும், வெளிப்பக்கம் பாத்தா காத்தே தள்ளி தொறந்து விட்டுடும். போட்டோ போடுங்க.

---

பொருநைக்காரன் (நியூ ஜெர்சி):

இடது சீட்டுன்னு சொன்னீரே, அது போதும் வே எனக்கு.